ஆறாம் அதிகாரத்தில் நின்றுபோன என் அண்ணனுக்கு

என் சாமு அண்ணா,

எங்கே இருக்கிறாய் என்று தெரியாமலே அன்போடு கூப்பிடுகிறேன். போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும், நீ கர்த்தரிடத்தில் சுகமாக இருப்பாய் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அப்படி எழுதக் கை ஓடவில்லை. நீ போன பிறகு மழை முடிந்து குளிரும் வந்துவிட்டது. இன்னும் ஓடவில்லை.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். நீ ஜோகுபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவன். சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடியவன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை வரிசை தப்பாமல் சொல்வதற்கு ஒரு மெட்டுக் கட்டிக் கொடுத்தவன். பவுலின் கடிதங்களை ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு வந்து, எபிரெயருக்கு எழுதிய கடிதம் வந்ததும் மூச்சு விட்டுக்கொள்ளச் சொல்வாய். இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து மீசை வைத்துக்கொண்டு அதே மெட்டில்தான் பைபிளில் புத்தகம் தேடுகிறார்கள்.

உன் மகன் ஜோயலுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது டெங்கு வந்தது. சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. காய்ச்சல் இறங்கிய அன்று நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் விழுந்து, எல்லோரும் பார்க்க அழுதாய். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லப்போகிறேன் என்று ஷீலா அண்ணியிடம் சொன்னாய். காய்ச்சல் இறங்கின பிறகுதான் அந்த நோய் ஆளைக் கொல்லும் என்பது நமக்கு யாருக்கும் தெரியாது. மறுநாள் அவன் போய்விட்டான்.

மாதம் ஒரு தடவை அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து ஞாயிறு அதற்கடுத்து வந்தது. அன்று நீ பாடகர் வரிசையிலிருந்து எழுந்து, அங்கியைக் கழற்றி பெஞ்சின்மேல் மடித்து வைத்தாய். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். நீ மெதுவாகத்தான் சொன்னாய்.

"நான் இவரை நல்லாத் தெரிஞ்சுதான் நம்பினேன். நல்லாத் தெரிஞ்சுதான் இப்ப விடறேன். இனிமே எனக்கு இயேசு வேணாம். எல்லாரும் கேட்டுக்குங்க."

அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீ அவளைக் கடந்து நடந்து வெளியே போனாய்.

ஜோயல் இருந்திருந்தால் இன்றைக்கு வேலைக்குப் போயிருப்பான். அத்தனை வருஷமும் நீ சொன்ன சொல்லில் நின்றாய். யாரையும் திட்டவில்லை, அண்ணியைத் தடுக்கவில்லை. ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கேட்டருகே இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவாய். வீட்டில் ஜெபம் நடந்தால் எழுந்து போய் மாடியில் துணி மடிப்பாய். கிறிஸ்துமஸுக்குக் கேக் சாப்பிடுவாய், பாட்டுக்கு மட்டும் வாய் திறக்க மாட்டாய்.

பிறகு இருமல் வந்தது. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, மருந்தால் மெதுவாக்கலாம், திருப்ப முடியாது என்றார் டாக்டர். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. கரண்ட் போனால் அண்ணி முகம் வெளுத்துப்போகும்.

அந்த மத்தியானத்தை மறக்க முடியுமா? நான் ஸ்கூலில் கன்னடப் பாட வகுப்பை முடித்துவிட்டு நேரே உன் வீட்டுக்கு வந்திருந்தேன். நீ குழாயை மூக்கில் சரி பண்ணிக்கொண்டு, "ரூத்து, பைபிள் எடுத்துட்டு வா" என்றாய். அடுப்படியில் அண்ணியின் கையிலிருந்து பாத்திரம் நழுவி விழுந்தது. நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். சங்கீதம் கேட்பாய், சுவிசேஷம் கேட்பாய் என்று நினைத்தேன்.

"எபிரெயர். ஆறாம் அதிகாரம். நாலுல இருந்து படி."

படித்தேன். படிக்கப் படிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஒரு தடவை வெளிச்சம் பெற்று, பரம ஈவை ருசி பார்த்து, பிறகு விலகிப்போனவர்களை மறுபடியும் மனந்திரும்பப் புதுப்பிக்க முடியாது. அந்த இடத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவர்கள் தேவகுமாரனை இரண்டாவது தடவை சிலுவையில் அறைகிறார்களாம்.

"கேட்டியா?" என்றாய். "இது பொதுவா எழுதினது இல்லம்மா. இது என் போட்டோ."

"அண்ணா, நீ திரும்பி வரணும்னு நினைக்கறியா?"

"நினைக்கிறேன். ரொம்ப நாளாவே நினைக்கிறேன். கதவு இருக்கா இல்லையான்னுதான் தெரியல."

அண்ணி அடுப்படி வாசலில் நின்று புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷ ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. ஆனால் வந்த பதிலை உள்ளே விடாமல் வேதாகமமே குறுக்கே நிற்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை, அண்ணா.

அந்த வாரம் முழுவதும் பைத்தியம் மாதிரி அலைந்தேன். தமிழில் இருக்கிற வார்த்தை கொஞ்சம் கடுமையாக இருக்கலாம் என்று இங்கிலீஷில் பார்த்தேன். அதிலும் அதேதான். கன்னடத்தில் பார்த்தேன். பிள்ளைகளுக்குத் தினமும் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிற மொழி, எங்காவது ஒரு இடுக்கு கிடைக்காதா என்று ஒவ்வொரு விகுதியாகப் பிரித்துப் பார்த்தேன். இடுக்கே இல்லை.

புதிதாக வந்திருக்கும் பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நல்ல பையன். உன் கட்டிலில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, இப்படிப் பயப்படறீங்க பாருங்க, அதுவே நீங்க முழுசா விலகிப் போகலைன்னு அடையாளம். முழுசாப் போனவங்களுக்குப் பயமே இருக்காது."

நீ அவரையே பார்த்தாய். "இது அந்தக் கடிதத்துல எழுதியிருக்குங்களா ஐயா? இல்ல நீங்க சொல்றதா?"

அவர் நேர்மையானவர். "நான் சொல்றதுதாங்க" என்றார்.

"அதே கடிதம் பன்னெண்டாவது அதிகாரத்துல, மூத்தவன் உரிமையை வித்துப்போட்ட ஏசா வர்றான். கண்ணீர் விட்டுக் கேட்டான், கிடைக்கலைன்னு இருக்கு. அவனுக்கும் பயம் இருந்துதுங்களே."

பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். கேட்டுக்கு வெளியே வந்ததும், "அக்கா, எனக்குப் பதில் தெரியல, மன்னிச்சுக்குங்க" என்றார். ரோட்டில் நின்றுகொண்டு நான் அழுதேன். பக்கத்துக் கடைக்காரர் 'ஏனாயித்து மேடம்', என்ன ஆச்சு என்று கேட்டார். பழைய கடிதம் ஒன்று என் அண்ணனை உள்ளே விட மாட்டேன் என்கிறது என்றா சொல்வது?

பாஸ்டர்தான் ஒரு வழி சொன்னார். மல்லேஸ்வரத்தில் அவருக்கு இறையியல் பாடம் எடுத்த ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். மெட்ரோவில் போனேன். மெலிந்த அம்மா. காப்பி கொடுத்துவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

அந்தக் கடிதம் வேதத்துக்குள் வந்த கதையை அவர்தான் சொன்னார். எழுதியவர் பெயர் அதில் இல்லை. கிழக்கே இருந்த ஆதிச் சபைகள் பவுல் எழுதியது என்று ஏற்றுக்கொண்டன. மேற்கே, ரோம் பக்கம், ரொம்ப காலம் சந்தேகப்பட்டார்கள். பழைய கையெழுத்துப் பிரதிகளில் அதற்கு நிலையான இடம்கூட இல்லை. ஒன்றில் ரோமருக்கு அடுத்து வருகிறது, இன்னொன்றில் பவுலின் கடிதங்களுக்கு நடுவே வருகிறது. ஜெர்மனியில் சீர்திருத்தம் நடந்தபோதுகூட, இந்த ஆறாம் அதிகாரம் தொண்டையில் சிக்கி, அதைத் தூக்கி மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கங்களில் வைத்தார்களாம்.

"அப்ப அதை விட்டுடலாமா மேடம்?" என்று கேட்டேன். பிச்சைக்காரி மாதிரிக் கேட்டேன்.

"அவசரப்படாதம்மா. இன்னும் இருக்கு" என்றார். "ரோம் ராஜாங்கம் சபையைத் துன்பப்படுத்தின காலத்துல உயிருக்குப் பயந்து நிறையப் பேர் இயேசுவை மறுதலிச்சாங்க. ஆபத்து போனதும் அழுதுகிட்டுத் திரும்பி வந்தாங்க. சில பேர் இந்தக் கடிதத்தைக் காட்டி, முடியாது, போன்னு கதவைச் சாத்தினாங்க. இந்தக் கடிதத்து மேல மேற்குல இருந்த தயக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்னு சொல்றவங்க உண்டு."

"கடைசியில?"

"கடைசியில சபை ரெண்டு காரியம் பண்ணுச்சு. கடிதத்தையும் உள்ள வெச்சுது. அழுதுகிட்டு வந்தவங்களையும் உள்ள விட்டுது. ரொம்ப நாள் வாசல்ல நிக்க வெச்சாங்க, ஆனா விட்டாங்க. ரெண்டும் எப்படிப் பொருந்தும்னு என்னைக் கேட்காதே. ஆயுசு பூராவும் அதைத்தான் பாடம் எடுத்தேன், எனக்கே முழுசாத் தெரியாது."

மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தேன். கையில் ஏதோ கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. உன் வீட்டுப் படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தேன்.

"அண்ணா, அந்தக் கடிதத்தைச் சேர்க்கலாமா வேண்டாமான்னே சண்டை நடந்திருக்கு! யாரு எழுதினதுன்னே தெரியாதாம்!"

நீ சிரித்தாய். சிரித்ததில் மூச்சு முட்டி, அண்ணி முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது.

"எனக்காக பைபிள்ல இருந்து ஒரு புஸ்தகத்தையே கிழிக்கப் போறியா?"

"கிழிச்சா என்ன தப்பு?"

"யார் எழுதினதுன்னு தெரியலைன்னா பொய்னு ஆயிடுமா? அதுல வேற என்ன இருக்குன்னு பார்த்தியா நீ? அஞ்சாம் அதிகாரம் பாரு. நம்ம பலவீனம் தெரிஞ்ச ஆசாரியன்னு இயேசுவைச் சொல்லுது. சாவுல இருந்து காப்பாத்தச் சொல்லி அவரே சத்தமாக் கதறி அழுதாருன்னு சொல்லுது. ஜோயல் போன அன்னிக்கு நான் கதறினது அவருக்குத் தெரியும்னா, அது இந்தக் கடிதம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதைக் கிழிச்சுட்டா அதுவும் போயிடும் ரூத்து."

உன்னைத் தள்ளி நிறுத்துகிற கடிதத்தையே நீ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாய்.

பிறகுதான் அந்த அம்மா சொன்ன மற்றதையும் சொன்னேன். அழுதுகொண்டு வந்தவர்களை வாசலில் நிறுத்தியது, பிறகு உள்ளே விட்டது எல்லாம்.

"வாசல்ல நிக்கலாம்னா, நான் நிக்கறேன்" என்றாய்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று பாஷா பாயின் ஆட்டோவில் உன்னை ஏற்றினோம். அண்ணி ஒரு பக்கம், சின்ன சிலிண்டர் மடியில். ஆலயக் கேட்டுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்து நிழலில் ஆட்டோவை நிறுத்தினார். ஆராதனை முடிய நேரமாகும் பாய் என்றேன். "ஆகட்டும் மேடம். சார் ஆராமா உக்காரட்டும். எனக்கு என்ன ஜல்தி?" என்று இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றுகொண்டார்.

நான் உள்ளே போகவில்லை, உன் பக்கத்திலேயே நின்றேன். பாட்டுச் சத்தம் வந்தது. உன் உதடு அசைந்தது. குரல் வரவில்லை, ஆனால் அடிக்குரல் வரிசையைத்தான் பாடுகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணி உன் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்தால் நீ நிறுத்திவிடுவாயோ என்று பயம் அவளுக்கு.

உள்ளே எல்லோரும் வாங்கி முடித்த பிறகு, பாஸ்டர் அங்கியோடு அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சபையில் பாதிப் பேர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோவுக்குள் குனிந்து, "அண்ணா, உங்களுக்காகக் கொண்டாந்தேன்" என்றார்.

நீ தலையை ஆட்டினாய். வேண்டாம் என்று.

"ஏன் அண்ணா? வாங்கிக்கோ. காலைப் பிடிக்கறேன், வாங்கிக்கோ!" நிஜமாகவே உன் காலைப் பிடித்தேன்.

"விட்டுட்டுப் போறேன்னு எல்லார் முன்னாடியும் நின்னு சொன்னேன் ஐயா," என்று பாஸ்டரிடம் சொன்னாய், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு. "திரும்பி வர்றதையும் எல்லார் முன்னாடியும் நின்னுதான் சொல்லணும். ஆட்டோக்குள்ள ஒளிஞ்சுகிட்டு வாங்க மாட்டேன். அடுத்த மாசம் நடந்து வர்றேன். நான் வர்றப்ப அந்தக் கடிதம் என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது. ஆனா வர்றேன்."

அந்த ஒரு மாதம் நீ நடக்கப் பழகினாயே, அண்ணா. கட்டிலிலிருந்து கதவு வரைக்கும். கதவிலிருந்து மாடிப்படி வரைக்கும். அண்ணி பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவாள். உன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டிவைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை, அண்ணி ராகிக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது நீ போய்விட்டாய். அந்த ஞாயிறுதான் திருவிருந்து.

அந்தச் சட்டையைத்தான் உனக்குப் போட்டோம். பாஸ்டர் யாரையும் கேட்காமல் உன்னை ஆலயத்துக்குள் கொண்டுவரச் சொன்னார். பெட்டியில் வைத்து, ஆறு பேர் தூக்கிக்கொண்டு, நடுவழியே உள்ளே வந்தாய். எல்லார் முன்னாடியும்தான் வந்தாய். ஆனால் நடந்து வரவில்லையே. வாய் திறந்து சொல்லவில்லையே. அது கணக்கில் சேருமா? யாரிடம் கேட்பேன்? கல்லறையில் அப்பாவோடு உன்னை வைத்தபோது சபை செயலாளர் என் காதுபட இன்னொருவரிடம், "கடைசி வரைக்கும் வாங்கலையே, என்ன செய்யறது" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இப்போது அம்மா கதை. அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் படுக்கையோடு இருக்கிறாள். உன் அடக்கத்துக்கு வர முடியவில்லை. நான் வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாமு திருவிருந்து எடுத்தானாடி?"

"எடுக்கலைம்மா. நடந்து வந்து எடுக்கறேன்னு சொன்னான்."

"சொன்னான். வந்தானா?"



போன மாதம் பாஸ்டர் வழக்கம்போல அவளுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்க வந்தார். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, ஜெபம் சொல்லி, அப்பத்தை வாயருகே கொண்டுபோனார். அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து ஒரு மாதம் தவறாதவள், அண்ணா.

"என் பிள்ளைக்குக் கிடைக்காதது எனக்கு எதுக்குங்க ஐயா? அவன் வெளிய நிக்கிறான். நான் மட்டும் உள்ள போய் உக்காந்து சாப்பிடட்டுமா?"

பாஸ்டர் கட்டிலருகே மண்டியிட்டு உட்கார்ந்தார். எத்தனையோ சொல்லிப் பார்த்தார். இரக்கம் பெரியது என்றார். மனதில் நினைத்ததையும் கர்த்தர் பார்ப்பார் என்றார். அம்மா அசையவில்லை. இந்த மாதமும் வந்தார். இந்த மாதமும் வேண்டாம் என்றாள். அவள் உடம்பு நாளுக்கு நாள் இறங்குகிறது. கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் போவதில்லை. இப்படியே போய்விட்டால்? உன்னைத் தேடிக்கொண்டு அவளும் வெளியே போய் நின்றுவிட்டால், நான் யாரிடம் போவேன்?

எனக்கும் ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் அந்த வசனம்தான் வருகிறது. வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பி நின்று அழுகிறேன். பிள்ளைகள் 'மிஸ்ஸுக்கு ஜலதோஷம்' என்று பேசிக்கொள்கிறார்கள். அண்ணி மட்டும் எப்படியோ நிற்கிறாள். நேற்று அவளிடம் கேட்டேன், உனக்குப் பயமா இல்லையா அண்ணி என்று. "இருக்கு. ஆனா அவர் போறப்ப எங்க போறதுக்குக் கிளம்பிகிட்டிருந்தாருன்னு நான் கண்ணால பார்த்தேன் ரூத்து. கடிதம் எழுதினவர் அதைப் பார்க்கலை" என்றாள். சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அந்தத் தைரியம் எனக்கு இல்லை. கடிதத்தைத் தள்ளவும் முடியவில்லை, உன்னை விடவும் முடியவில்லை. அந்தக் காலத்துச் சபை இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்துக்கொண்டு தூங்கியதோ?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். இன்றைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விலக்கிய அந்தத் திருவிருந்தைப் பற்றிப் பேசாமல், உன்னைப் பற்றி மட்டும் பேசினேன். கதவு வரைக்கும் நீ நடந்ததை, மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கியதை, அண்ணி நாற்காலியோடு பின்னால் வந்ததை. அவள் முகம் திரும்பவில்லை. ஆனால் கை மட்டும் போர்வைக்கு வெளியே வந்து என் கையைத் தேடியது. "எவ்வளவு தூரம் நடந்தான்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

சொல்லிக்கொண்டே இருக்கப்போகிறேன், அண்ணா. அதுதான் நான் உனக்குத் தருகிற வாக்கு. அம்மாவுக்குத் தினமும் சொல்வேன். கர்த்தருக்கும் சொல்வேன். ஜெபமாக வராவிட்டால் சண்டையாகச் சொல்வேன். என் அண்ணன் வந்துகொண்டிருந்தான், நீர்தான் வழியில் நிறுத்தினீர், அதனால் மீதித் தூரத்தை நீர்தான் நடக்க வேண்டும் என்று அவர் காது செவிடாகும்வரை சொல்வேன். அவர் பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, என் மூச்சு இருக்கும்வரை விட மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள், உன்னை விட்டுக்கொடுக்காதவள்,
உன் தங்கை ரூத்து